கிட் கற்கத் தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மென்பொருள் படிப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, "ரெப்போவை குளோன் செய்துகொள்ளுங்கள், முடித்ததும் புஷ் செய்யுங்கள்" என்ற வாசகம் காதில் விழுந்துவிடும். ரெப்போ என்பது மாற்றங்களின் வரலாற்றோடு கூடிய புராஜெக்ட் ஃபோல்டர், குளோன் என்பது அதை நகலெடுத்து இறக்கிக்கொள்வது, புஷ் என்பது உங்கள் வேலையை இணையத்துக்கு அனுப்புவது. இவற்றைச் செய்யும் மென்பொருள்தான் கிட். நிரல் எழுதச் சொல்லித்தருகிற அளவுக்கு இதைப் பொறுமையாக யாரும் சொல்லித்தருவதில்லை. நம் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும்.

வெர்ஷன் கன்ட்ரோல் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருப்பது) எதற்கு? கூகுள் டிரைவில் போட்டுவைத்தால் போதாதா?

கட்டுரைக்குப் போதும், நிரலுக்குப் போதாது. டிரைவ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகப் பழைய பிரதிகளை வைத்திருக்கும். ஆனால் நிரலில் ஒரு மாற்றம் ஒரு கோப்போடு நிற்பதில்லை. பஸ் வரும் நேரத்தைக் காட்டும் சின்னச் செயலி ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். "பிடித்த நிறுத்தங்கள்" என்ற வசதியைச் சேர்க்கத் திரைக்கான கோப்பு, தரவைச் சேமிக்கும் கோப்பு, அமைப்புக் கோப்பு, சோதனைக் கோப்பு என நான்கையும் தொட்டிருப்பீர்கள். அது சரிவரவில்லை, நேற்றைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்றால் நான்கும் ஒரே கணத்தில் எப்படி இருந்தனவோ அப்படித் திரும்பவேண்டும். கிட் அதைத்தான் செய்கிறது. மொத்த புராஜெக்டின் நிலையையும், யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதையும் சேர்த்துப் பதிந்துவைக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட் ரெப்போவை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். ரெப்போவுக்குள் '.கிட்' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. வரலாறு முழுக்க அதற்குள்தான். கிட் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மென்பொருளும் அதற்குள் கைவைத்தால் வரலாறு பழுதாகலாம். பல மடிக்கணினிகளில் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' இரண்டுமே ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். அதனால் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி வேலைகளை அங்கே வையுங்கள்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றா?

இல்லை. கிட் உங்கள் கணினியில் ஓடும் மென்பொருள். இணையமே இல்லாமல் வேலை செய்யும். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் என்ற மையப்பகுதியை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை உருவாக்கினார். அதுவரை கெர்னல் குழு பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திவந்தது. அந்தச் சலுகை நின்றுபோனதும் அவர் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார்.

கிட்ஹப் என்பது கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் சேவை. 2008இல் தொடங்கியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கிட்லேப், பிட்பக்கெட் ஆகியவையும் இதே வகைதான். கமிட் (மாற்றத்தை வரலாற்றில் பதிவது) உங்கள் கணினியில் நடக்கிறது, புஷ் செய்தால்தான் அது கிட்ஹப்புக்குப் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "கமிட் செய்தேன், ஆனால் என் குழுவில் யாருக்கும் தெரியவில்லையே" என்பவர்கள் புஷ் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

கிட்டை நிறுவியதும் முதலில் என்ன செய்யவேண்டும்?

விண்டோஸில் 'கிட் ஃபார் விண்டோஸ்' நிறுவினால் கிட் பேஷ் என்ற டெர்மினலும் கூடவே வரும். மேக்கில் டெர்மினலைத் திறந்து 'கிட்' என்று தட்டினால், அது இல்லாத பட்சத்தில் நிறுவட்டுமா என்று கணினியே கேட்கும்.

அடுத்து பெயர், மின்னஞ்சல்:

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.இமெயில் "உங்கள் மின்னஞ்சல்"

இதை அலட்சியமாக விடாதீர்கள். ஒவ்வொரு கமிட்டிலும் இந்தப் பெயரும் மின்னஞ்சலும் பதியும். கிட்ஹப் கணக்கில் இல்லாத மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் உங்கள் கமிட் உங்கள் பக்கத்தில் காட்டாது. மதிப்பெண்ணும் இதைச் சார்ந்திருக்கலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான ரெப்போசென்ஸ் என்ற கருவி, குழுப் பணியில் யார் எந்த வரியை எழுதினார் என்பதைக் கிட் வரலாற்றிலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது. பெயர் மாறியிருந்தால் நீங்கள் எழுதியது வேறு யாரோ எழுதியதாகப் போய்விடலாம். கல்லூரி ஆய்வுக்கூடக் கணினியில் உட்கார்ந்தால், முந்தைய மாணவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட்' அடித்துப் பாருங்கள்.

சொந்த மின்னஞ்சல் வெளியே தெரியவேண்டாம் என்றால், கிட்ஹப் அமைப்புகளில் 'நோரிப்ளை' முகவரி ஒன்று கிடைக்கும். அதைக் கொடுக்கலாம்.

எத்தனை கட்டளைகளை மனப்பாடம் செய்யவேண்டும்?

முதல் மாதத்துக்கு ஐந்து போதும்: ஸ்டேட்டஸ், டிஃப், ஆட், கமிட், லாக். மனப்பாடம் செய்யவே வேண்டாம், தினமும் அடித்தால் கை பழகிவிடும்.

மேலே சொன்ன பஸ் செயலியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஃபோல்டருக்குள் போய் ஒரே ஒருமுறை 'கிட் இனிட்' அடித்தால் அது ரெப்போவாகிவிடும். அடுத்து 'கிட் ஸ்டேட்டஸ்'. "அன்டிராக்ட் ஃபைல்ஸ்" என்று சிவப்பில் கோப்புகள் வரும். இவற்றை நான் இன்னும் கவனிக்கவில்லை என்று கிட் சொல்கிறது. 'கிட் ஆட்' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டேட்டஸ் அடித்தால் அதே பெயர் பச்சையில் வரும். 'கிட் கமிட் -எம் "நிறுத்த எண்ணை வாங்கும் திரை"' என்று அடித்தால் பதிந்துவிடும். மறுபடி ஸ்டேட்டஸ். "நத்திங் டு கமிட், ஒர்க்கிங் ட்ரீ கிளீன்" என்று வந்தால் எல்லாம் பத்திரம்.

இனி ஒரு வரியை மாற்றிச் சேமியுங்கள். 'கிட் டிஃப்' அடித்தால் போன வரி கழித்தல் குறியோடும் வந்த வரி கூட்டல் குறியோடும் தெரியும். திரை நிரம்பி, கீழே ஒரு முக்காற்புள்ளியோடு நின்றுவிட்டால் பயப்படவேண்டாம். 'க்யூ' எழுத்தை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். 'கிட் லாக் --ஒன்லைன்' ஒவ்வொரு கமிட்டையும் ஒரு வரியில் காட்டும். வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த கோர்வை அந்த கமிட்டின் அடையாளம். முழு நீளம் 40 எழுத்து. வழக்கமாக முதல் 7 எழுத்தே போதும்.

எந்தக் கட்டளைக்கு முன்னாலும் ஸ்டேட்டஸ், கமிட்டுக்கு முன்னால் டிஃப் என்று பழகிக்கொள்ளுங்கள். கிட்டில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் திரையில் வருவதைப் படிக்காமலே அடுத்த கட்டளையை அடிக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை ஸ்டேட்டஸே அடைப்புக்குறிக்குள் எழுதித் தருகிறது.

ஆட், கமிட் என்று இரண்டு படி எதற்கு? நேராகவே பதிந்தால் என்ன?

திருமண மேடையில் படம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தாலும், "பெரியப்பா குடும்பம் வாங்க" என்று கூப்பிட்டு மேடையில் நிறுத்தியவர்கள் மட்டும்தான் அந்தப் படத்தில் வருவார்கள். ஆட் கூப்பிட்டு நிறுத்துகிறது, கமிட் படம் எடுக்கிறது.

பயன் இதுதான்: திரையின் நிறத்தையும் மாற்றினீர்கள், நேரக் கணக்கில் இருந்த பிழையையும் திருத்தினீர்கள். இரண்டையும் தனித்தனி கமிட்டாகப் போடலாம். நாளை நிறம் பிடிக்காமல் போனால் பிழைத்திருத்தத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் திரும்பப் பெறலாம். ஒரே கோப்புக்குள் இரண்டும் கலந்திருந்தால் 'கிட் ஆட் -பி' ஒவ்வொரு துண்டாகக் காட்டி, சேர்க்கட்டுமா என்று கேட்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆட் செய்தபிறகு அதே கோப்பை மறுபடி திருத்தினால் புதுத் திருத்தம் கமிட்டில் சேராது. மறுபடி ஆட் செய்யவேண்டும்.

எப்போது கமிட் செய்வது?

ஒரு சின்ன வேலை முடிந்து, நிரல் ஓடுகிறது என்று பார்த்ததும். பிற்பகல் முழுக்க உட்கார்ந்தால் நான்கைந்து கமிட் வருவது இயல்பு. ஒப்படைக்கும் நாளன்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கமிட்டாகப் போடுகிறவர்களுக்குக் கிட்டால் கிடைக்கும் நன்மை எதுவுமே கிடைக்காது.

கமிட் செய்த எதையும் கிட்டில் தொலைப்பது கடினம். கமிட் செய்யாததை மீட்பது கிட்டாலும் முடியாமல் போகலாம். புதிதாக எதையாவது சோதித்துப் பார்க்கும் முன் கமிட். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் முன் கமிட். கட்டளை எதுவும் புரியாமல் பயமாக இருந்தால், முதலில் கமிட் செய்துவிட்டு அப்புறம் தேடிப் படியுங்கள்.

கமிட் செய்தி எப்படி எழுதுவது? தமிழில் எழுதலாமா?

"அப்டேட்", "ஃபிக்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். "பஸ் இல்லாத நேரத்தில் செயலி நின்றுபோவதைச் சரிசெய்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் புரியும். முதல் வரி ஏறக்குறைய 50 எழுத்துக்குள், ஒரு வெற்று வரி, பிறகு ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம் என்பதே பரவலான வழக்கம். ஏன் என்பதுதான் முக்கியம். என்ன மாற்றம் என்பதை டிஃப் காட்டிவிடும்.

தமிழில் தாராளமாக எழுதலாம். கிட் யூனிகோடைத் தடையில்லாமல் ஏற்கும். குழுவில் சீன, மலாய் நண்பர்கள் இருந்தால் ஆங்கிலம். சொந்த புராஜெக்டில் உங்கள் விருப்பம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். ஸ்டேட்டஸ் அடித்தால் பெயருக்குப் பதிலாக \340\256 என்று எண்களாக வரும். கோப்பு கெட்டுவிடவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கிட் இயல்பாக எண் வடிவில் காட்டுகிறது, அவ்வளவுதான். 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்' என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே தெரியும். 'கோட்பாத்' என்பதை மேற்கோளும் பாதையும் சேர்ந்த ஆங்கிலச் சொல்லாகத் தட்டுங்கள்.

கமிட் அடித்ததும் ஏதோ விநோதமான திரை வந்து மாட்டிக்கொண்டேன்.

'-எம்' போடாமல் கமிட் அடித்திருப்பீர்கள். செய்தி எழுத விம் என்ற எடிட்டர் திறந்திருக்கிறது. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, 'க்யூ', ஆச்சரியக்குறி என்று தட்டி என்டர் அடித்தால் சேமிக்காமல் வெளியே வரலாம். செய்தி காலியாக இருப்பதால் கமிட்டும் நடக்காது. பிறகு '-எம்' போட்டு மறுபடி செய்யுங்கள்.

நிரல் கெட்டுப்போய்விட்டது. பழைய நிலைக்கு எப்படிப் போவது?

எது கெட்டது, எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த முதல் கட்டளையை அடிப்பதால்தான் நிறையப் பேருடைய வேலை காணாமல் போகிறது.

இன்னும் கமிட் செய்யவில்லை, ஒரு கோப்பில் செய்த மாற்றம் வேண்டாம் என்றால் 'கிட் ரிஸ்டோர்' போட்டுக் கோப்பின் பெயர். அந்த மாற்றம் போயே போய்விடும், கிட்டால் மீட்க முடியாது. அடிக்கும் முன் டிஃப் பாருங்கள். அவசரத்தில் அடித்துவிட்டால் விஎஸ் கோட் எடிட்டரின் 'டைம்லைன்' பகுதியில் தேடுங்கள். அது தானாகச் சேமித்த பிரதி கிடைக்க வாய்ப்புண்டு.

ஆட் செய்துவிட்டீர்கள், ஆனால் இந்த கமிட்டில் அது வேண்டாம் என்றால் 'கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்ட்'. இதில் ஆபத்தில்லை, கோப்பில் உள்ளது அப்படியே இருக்கும்.

கடைசிக் கமிட்டின் செய்தியில் எழுத்துப்பிழை அல்லது ஒரு கோப்பு விட்டுப்போயிற்று, இன்னும் புஷ் செய்யவில்லை. 'கிட் கமிட் --அமென்ட்' சரிசெய்துவிடும்.

புஷ் செய்துவிட்டீர்கள், மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது 'கிட் ரிவர்ட்' போட்டு அந்தக் கமிட்டின் அடையாளத்தைக் கொடுங்கள். பழைய கமிட்டை அழிக்காமல், அதற்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதுக் கமிட்டாகப் போடும். குழுவாக வேலை செய்யும் பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளையில்) இதுதான் நல்ல வழி. அங்கே பழைய வரலாற்றை மாற்றி '--ஃபோர்ஸ்' போட்டு வலுக்கட்டாயமாகப் புஷ் செய்தால் நண்பர்களின் வேலையும் அடிபடும்.

மிச்சமிருப்பது 'கிட் ரீசெட் --ஹார்ட்'. பிராஞ்சையும் கோப்புகளையும் ஒரு பழைய கமிட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தும், கமிட் செய்யாத மாற்றங்களைத் துடைத்துவிடும். இதை அடித்துவிட்டுக் கமிட்டுகள் காணோம் என்று தவிப்பவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று: 'கிட் ரிஃப்ளாக்'. நீங்கள் எந்தெந்த கமிட்டில் நின்றீர்கள் என்ற நாட்குறிப்பு அது. தொலைந்ததாக நினைத்த கமிட்டின் அடையாளம் அதில் இருக்கும். 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று தட்டி அந்த அடையாளத்தையும் கொடுத்தால் 'மீட்பு' என்ற பிராஞ்சாகத் திரும்பக் கிடைத்துவிடும். எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் கமிட்டைக்கூட ரிஃப்ளாக் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். ஆனால் அந்தக் கணினியில் மட்டும்தான். ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் செய்தால் ரிஃப்ளாக்கும் போய்விடும். அதனால் குழப்பம் வந்ததும் ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

சில பாடங்களில் 'செக்அவுட்' என்கிறார்கள், சிலவற்றில் 'ஸ்விட்ச்'. எது சரி?

இரண்டும் சரி. செக்அவுட் பிராஞ்ச் மாறவும் கோப்பை மீட்கவும் சேர்த்தே பயன்பட்டது. அதனால் குழப்பம் வந்தது. 2019 ஆகஸ்ட்டில் வெளிவந்த கிட் 2.23இல் அந்த வேலையை ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். புதிதாகக் கற்பவர்கள் புதியவற்றையே கற்கலாம்.

இதேபோல முதன்மைப் பிராஞ்சின் பெயர் பழைய பாடங்களில் 'மாஸ்டர்' என்றும் புதியவற்றில் 'மெயின்' என்றும் இருக்கும். 2020 அக்டோபரிலிருந்து கிட்ஹப்பில் புதிய ரெப்போவுக்கு 'மெயின்' என்பதே இயல்பான பெயர்.

பிராஞ்ச் எதற்கு?

ஓடுகிற நிரலைக் கெடுக்காமல் புதியதை முயன்றுபார்க்க. 'கிட் ஸ்விட்ச் -சி பிடித்த-நிறுத்தம்' என்றால் புதிய பிராஞ்ச் பிறந்து நீங்கள் அதற்குள் போய்விடுவீர்கள். வேலை முடிந்ததும் மெயினுக்குத் திரும்பி, பிராஞ்சின் பெயரோடு 'கிட் மெர்ஜ்' அடித்தால் அந்த மாற்றங்கள் மெயினோடு சேரும். பிராஞ்ச் என்றால் ஃபோல்டரை முழுக்க நகலெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கமிட்டைச் சுட்டும் சின்னக் குறிப்புதான் அது. எத்தனை வைத்துக்கொண்டாலும் இடம் அடைக்காது.

மெர்ஜ் செய்தால் 'கான்ஃப்ளிக்ட்' என்கிறது. என்ன தவறு செய்தேன்?

ஒரு தவறும் இல்லை. இரண்டு பேர் ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றியிருக்கிறீர்கள். எது வேண்டும் என்று கிட் தானாக முடிவெடுக்காமல் உங்களைக் கேட்கிறது. கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
இடைவெளி = 30
=======
இடைவெளி = 60
>>>>>>> பஸ்-திரை

மேலே இருப்பது நீங்கள் நிற்கும் பிராஞ்சில் உள்ளது. கீழே இருப்பது உள்ளே வரும் பிராஞ்சில் உள்ளது. பஸ் நேரத்தை எத்தனை விநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதில் நீங்கள் 30 என்கிறீர்கள், தோழி 60 என்கிறார். எது சரி என்பது நிரலைப் பற்றிய கேள்வி. அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். முடிவானதும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதையும், மூன்று குறி வரிகளையும் அழியுங்கள். நிரலை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஆட், கமிட். முடிந்தது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்தே வைக்கவேண்டிய நேரமும் உண்டு. அவர் ஒரு செயற்கூறு சேர்த்திருப்பார், நீங்கள் வேறொன்று. விஎஸ் கோடில் "என்னுடையதை ஏற்றுக்கொள்" பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் அவருடைய வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். குழுச் சண்டைகள் நிறைய இப்படித்தான் தொடங்குகின்றன. தலை சுற்றினால் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' அடித்து மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குப் போய், நிதானமாக மறுபடி தொடங்கலாம்.

கான்ஃப்ளிக்ட் குறையவேண்டும் என்றால் அடிக்கடி மெர்ஜ் செய்யுங்கள். இரண்டு வாரம் பிரிந்திருந்த பிராஞ்சுகளைச் சேர்ப்பதுதான் கடினம். ஒருவர் கோப்பு முழுவதையும் அழகாக ஃபார்மேட் செய்வதும் தேவையில்லாத கான்ஃப்ளிக்ட்டைக் கிளப்பும். எல்லாரும் ஒரே ஃபார்மேட் அமைப்பை முதல் நாளே ஒத்துக்கொள்வது நல்லது.

குழு புராஜெக்டில் எந்த ஒழுங்கில் வேலை செய்வது?

காலையில் மெயினுக்குப் போய் 'கிட் புல்'. கிட்ஹப்பில் உள்ள புதிய மாற்றங்கள் உங்கள் கணினிக்கு வரும். உங்கள் வேலைக்கு ஒரு பிராஞ்ச். அதில் சின்னச் சின்னக் கமிட். புஷ். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மெயினில் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) திறந்து குழுவில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்ததும் மெர்ஜ். நேராக மெயினில் யாரும் புஷ் செய்வதில்லை என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

புல் ரிக்வெஸ்டைப் பார்ப்பவர் "ஓகே" என்று மட்டும் எழுதாமல் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். வேலைப் பயிற்சிக்குப் போகும்போது அங்கே தினமும் நடப்பது இதுதான். நூலகத்தில் இருவர் ஒரே மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதினால், கமிட் செய்தியின் கடைசியில் 'கோ-ஆதர்ட்-பை' என்று போட்டு மற்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்கலாம். கிட்ஹப் இருவரையும் காட்டும்.

"எல்லாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் சேர்த்துப் புஷ் செய்கிறேன்" என்று ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வது உதவி போலத் தோன்றும். வரலாற்றில் மற்ற மூவரின் பெயரும் இருக்காது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புஷ் செய்தால் 'ரிஜெக்டட்' என்கிறது.

உங்களுக்கு முன் வேறொருவர் அதே பிராஞ்சில் புஷ் செய்திருக்கிறார். முதலில் புல், கான்ஃப்ளிக்ட் இருந்தால் அதைத் தீர்ப்பது, பிறகு புஷ். புல் செய்யும்போது "டைவர்ஜென்ட் பிராஞ்சஸ்" என்று நின்றுவிட்டால், எப்படிச் சேர்ப்பது என்று கிட் கேட்கிறது. 'கிட் கான்ஃபிக் புல்.ரீபேஸ் ஃபால்ஸ்' என்று கொடுத்தால் வழக்கமான மெர்ஜ் முறையில் சேர்க்கும். '--ஃபோர்ஸ்' வேண்டாம்.

கிட்ஹப் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் கொடுத்தேன், ஏற்கவில்லையே?

2021 ஆகஸ்ட் 13 முதல் டெர்மினல் வழியாகக் கணக்குக் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற நீண்ட ரகசியக் குறியீடோ, கணினியில் வைக்கும் எஸ்எஸ்எச் சாவி என்ற கோப்போ வேண்டும். விண்டோஸில் கிட் நிறுவும்போது வரும் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' உலாவியைத் திறந்து உள்நுழைய வைத்து, மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும். தொடக்கத்தில் அதுவே எளிது.

எதையெல்லாம் ரெப்போவில் போடக்கூடாது?

திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடியவை: இறக்கிய நிரல் நூலகங்கள் இருக்கும் 'நோட்_மாட்யூல்ஸ்', பைத்தானின் 'வென்வ்', பில்ட் ஃபோல்டர்கள். '.கிட்இக்னோர்' என்ற கோப்பில் இவற்றின் பெயரை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே கமிட் செய்துவிட்டால் அதில் எழுதுவது மட்டும் போதாது. 'கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட்' போட்டு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து, கிட்டின் கணக்கிலிருந்து எடுக்கவேண்டும். பெரிய காணொளி, தரவுக் கோப்புகளும் வேண்டாம். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்காது.

மிக முக்கியமானது, ஒரு சேவையை நிரலிலிருந்து அணுகத் தரப்படும் ரகசியச் சாவிகள். பஸ் செயலி எழுத நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையில் பதிவுசெய்தால் உங்கள் பெயரில் ஒரு சாவி தருவார்கள். அதை நேராக நிரலுக்குள் எழுதிப் பொது ரெப்போவில் புஷ் செய்யும் மாணவர்கள் நிறைய. கட்டணம் வசூலிக்கும் மேகச் சேவையின் சாவியாக இருந்தால் பெரிய தொகைக்கு பில் வரலாம். இப்படிப்பட்ட சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் பொது ரெப்போக்களைத் துழாவுகின்றன.

சாவியை '.என்வ்' கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைக் கிட்இக்னோரில் சேருங்கள். ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்தால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதல் வேலையாகச் சாவியைக் கொடுத்த சேவைக்குப் போய் அதை ரத்துசெய்து புதியது வாங்குங்கள். வரலாற்றைத் துப்புரவாக்குவது அதற்கு அப்புறம்.

டெர்மினல் இல்லாமல் கிட்ஹப் டெஸ்க்டாப், சோர்ஸ்ட்ரீ மாதிரிச் செயலிகளில் செய்யலாமா?

செய்யலாம். பிராஞ்சுகள் எப்படிப் பிரிந்து சேர்கின்றன என்பதைப் படமாகப் பார்க்க அவைதான் வசதி. ஆனால் பிழைச்செய்தி வந்தால் இணையத்தில் கிடைக்கும் விடைகள் எல்லாம் டெர்மினல் கட்டளைகளாகவே இருக்கும். அந்த ஐந்து கட்டளைகளையாவது கையால் அடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

ஏஐ உதவியோடு எழுதினாலும் இதெல்லாம் தேவையா?

அப்போதுதான் கூடுதலாகத் தேவை. ஒரே நேரத்தில் பத்துக் கோப்பை மாற்றிவிடும். அதனிடம் கேட்கும் முன் கமிட் செய்து பதியாத மாற்றம் எதுவும் மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எழுதி முடித்ததும் டிஃப்பை வரிவரியாகப் படியுங்கள். உங்களால் விளக்க முடியாத வரியைக் கமிட் செய்யாதீர்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்.

பாட ஒப்படைப்புகளைப் பொது ரெப்போவில் வைத்து வேலைப் பயிற்சி விண்ணப்பத்தில் காட்டலாமா?

பாட விதிகளை முதலில் படியுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கொடுப்பார்கள் என்பதால் பல பாடங்களில் பொதுவில் வைப்பதற்கு அனுமதியில்லை. கிட்ஹப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத தனிப்பட்ட ரெப்போ இலவசம்தான், அங்கே வையுங்கள். காட்டுவதற்குச் சொந்தமாக ஒன்று செய்யுங்கள். சின்னதாக இருந்தாலும், தெளிவான கமிட்டுகளும் எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ கோப்பும் இருந்தால் பார்ப்பவர் கவனிப்பார்.

எங்கே பழகுவது?

'லேர்ன் கிட் பிராஞ்சிங்' என்ற இணையதளத்தில் பிராஞ்ச், மெர்ஜ் எல்லாவற்றையும் உலாவியிலேயே அசையும் படங்களாகப் பழகலாம். ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்குவது) பகுதியை இப்போதைக்குத் தாண்டிப் போங்கள். மெர்ஜ் கைவந்த பிறகு அது தானாகப் புரியும்.

அதைவிட நல்லது, உண்மையான ரெப்போ ஒன்றின் வரலாற்றைப் படிப்பது. நமக்கு அருகிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் பாட அட்டவணை போடப் பயன்படுத்தும் என்யுஎஸ்மாட்ஸ், மாணவர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் திறந்த மூல மென்பொருள். அரசாங்க அமைப்புகள் படிவங்களுக்குப் பயன்படுத்தும் ஃபார்ம்எஸ்ஜியின் நிரலும் கிட்ஹப்பில் இருக்கிறது. கொவிட் காலத்தில் டிரேஸ்டுகெதர் செயலிக்கு அடிப்படையாக இருந்த நெறிமுறையின் மாதிரி நிரலை 2020 ஏப்ரலில் 'ஓப்பன்டிரேஸ்' என்ற பெயரில் பொதுவில் வெளியிட்டார்கள்.

என்யுஎஸ்மாட்ஸிலிருந்தே தொடங்குங்கள். குளோன் செய்து 'கிட் லாக் --ஒன்லைன்' அடித்து, செய்தியை மட்டும் படித்துப் புரிகிற கமிட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'கிட் ஷோ' போட்டு அதன் அடையாளத்தைக் கொடுத்தால் எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்று தெரியும். செய்தி சொன்னதும் மாற்றமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு அதே கோப்பில் 'கிட் பிளேம்' அடித்தால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்தக் கமிட்டில் தொட்டார் என்று வரும். அங்கே உங்களுக்குப் புரியாத ஒரு வரியின் கமிட்டைத் திறந்து, அதை ஏன் எழுதினார்கள் என்று தேடிப் படியுங்கள்.